ரிட்டன் மேடமும் ஒரு வாளி வெந்நீரும்

சுற்றுலாத் துறையில் அவளுக்கு ரிட்டன் மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் ஆசிரியர் அறைக்கும் ஜெராக்ஸ் அறைக்கும் நடுவே இருப்பது பாதி உயரத் தடுப்புதான், காதில் விழாமல் இருக்குமா. அவள் எழுதி அனுப்பும் ஆய்வுக் கட்டுரைகள் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் கல்லூரி அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் யார் பேசுவது என்று கேட்டார்கள். ஏதோ யோசனையில் "ரிட்டன் மேடம்" என்றே சொல்லிவிட்டாள். எதிர்முனைக்கு உடனே புரிந்தது. அதன் பிறகு அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டாள்.

நிலையான சுற்றுலா என்பது அவள் பாடம். ஊர் சுற்றப் போகிறவர்கள் போன இடத்தைக் கெடுக்காமல் திரும்பி வருவது எப்படி என்பதுதான் அது. பாடம் நிலையானது, வேலைதான் தற்காலிகம். கல்வியாண்டு முடியும்போது வேலையும் முடியும். கல்லூரி திறந்தால் மறுபடி ஒரு தாளில் கையெழுத்து. நடுவில் வரும் விடுமுறையில் அவள் யாரென்று காவலாளிக்குக்கூடத் தெரியாது. அப்படியே பல வருடங்கள் ஓட்டியாகிவிட்டது. இந்த வருடம் ஒரு இடம் நிரந்தரம் ஆகப்போகிறது, அதற்கு அவள்தான் பொருத்தம் என்று துறைத் தலைவரே சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. துறையில் எல்லாரும் மரியாதையாகப் பார்க்கும் அந்த ஆய்விதழில் அவள் பெயரில் ஒரு கட்டுரை வந்திருக்க வேண்டும். தேர்வுக் குழு கூடுவதற்குள் வரவேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போகும், அவளுக்கு அடுத்த வருடம் அந்தத் தாள்கூடக் கிடைக்காது.

அந்த இதழுக்குக் கட்டுரை அனுப்புவது பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் நிற்பது மாதிரி. எங்கே என்ன குறை கண்டுபிடிப்பார்கள் என்று சொல்லமுடியாது. எழுதியவர் யாரென்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியக்கூடாது, மதிப்பிடுகிறவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியக்கூடாது. அவளுடைய முதல் கட்டுரை ஓரத்தில் விடவேண்டிய இடம் போதவில்லை என்று திரும்பியது. இரண்டாவதில் ஒரு புகைப்படத்தில் அவள் நிழல் விழுந்திருந்தது. எழுதியவரின் அடையாளம் வெளிப்படுகிறது என்று திருப்பினார்கள். நிழலை வைத்துத் தன்னைக் கண்டுபிடிக்க உலகத்தில் ஒருவராவது இருக்கிறாரே என்று அன்று அவளுக்கு ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. மூன்றாவதில் ஓரமும் சரி, நிழலும் இல்லை. "புதிதாக ஒன்றும் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

வீட்டில் அவளுக்குத் துணை கணவன்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பொடி எழுத்து அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கட்டுரையின் கடைசியில் வரும் நூல் பட்டியலில் காற்புள்ளி எங்கே விட்டுப்போயிருக்கிறது, முற்றுப்புள்ளி எங்கே இரண்டு விழுந்திருக்கிறது என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்கவே மாட்டான்.

மூன்றாவது கட்டுரை திரும்பிய கையோடு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தேறியதும், "அத்தை வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டு வா" என்று அவனே பஸ் ஏற்றிவிட்டான்.

அத்தை அவள் அப்பாவின் தங்கை. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தவர். எத்தனையோ பேரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டி, சிலரைக் கடைசியாகக் குளிப்பாட்டியும் அனுப்பியவர். ஓய்வு பெற்றதும் ஏரிக்கரையில் மூன்று அறைகளோடு ஒரு பழைய வீட்டை வாங்கி, வாசலில் விடுதி என்று பலகை மாட்டினார். வேலைதான் மாறியது, கை மாறவில்லை. தங்க வருகிறவர் கையில் பெட்டியோடு படி ஏறும்போதே அத்தை முழங்கையைப் பிடித்துக்கொள்வார். உட்காரவைத்து, நாக்கை நீட்டச் சொல்லாத குறையாக முகத்தைப் பார்த்துவிட்டு, "காலையில வயிறு போச்சா?" என்று கேட்பார். குளிக்க ஒரு வாளி வெந்நீர். சூடு சரியா என்று தன் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே போகும். சாப்பாடு, இடுப்பைப் பார்த்து அளந்து வைப்பார். போர்வையின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகிவிடுவார், இஷ்டத்துக்குக் காலை வெளியே நீட்ட முடியாது. ஒன்பது மணிக்கு விளக்கு அணையும்.

காய்ச்சல்காரிக்கு இதெல்லாம் சொர்க்கமாக இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த மூன்றாம் நாள் அவள் மூளையும் எழுந்துகொண்டது. மற்ற விடுதிகளில் ஒரு ஆளுக்கு எத்தனை வாளி தண்ணீர் செலவாகிறது என்று அவள் எத்தனையோ கட்டுரைகளில் படித்திருக்கிறாள். இங்கே ஒன்று. தட்டில் மீதி விழுவதே இல்லை. மின்சாரக் கட்டணத்தைப் பார்த்தால் வீட்டில் யாரும் குடியில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். கண்முன்னே புதையல், அதன்மேலேயே போர்வை போர்த்திப் படுத்திருந்திருக்கிறாள். தண்ணீர், மீதி, மின்சாரம் எல்லாவற்றையும் அளந்து எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவள், "விருந்தோம்புநர் வழிநடத்தும் நுகர்வுக் கட்டுப்பாடு: ஓர் ஏரிக்கரை விடுதியின் முன்மாதிரி" என்று தலைப்பிட்டு ஒரே மூச்சில் எழுதி முடித்தாள்.

கணவன் காற்புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவன் அன்று மட்டும் ஒரு வாக்கியத்தில் நின்றான்.

"‘விருந்தினர் எண்ணிக்கையும் திட்டமிட்டே குறைவாக வைக்கப்பட்டுள்ளது.’ அத்தை அப்படிச் சொன்னாங்களா?"

"சொல்லணுமா? அதான் பாத்தேனே. மூணு ரூம்ல ரெண்டு எப்பவும் காலி."

"கண்ணாடி வாங்க யாரும் வரலைன்னா எங்க கடையிலயும் கண்ணாடி உடையாது" என்றான்.

"நீங்க புள்ளியை மட்டும் பாருங்க."

கட்டுரை போனது. இந்த முறை உடனே திரும்பவில்லை. நாள் ஆக ஆகத் துறையில் அவளைப் பார்க்கும் பார்வையே மாறியது. ஜெராக்ஸ் அறையில் அவளுக்கு முன்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள். கடைசியில் இரண்டு மதிப்பீட்டாளர்களின் கருத்துகளும் வந்தன. முதலாமவர், அருமை, காற்புள்ளிகளை மட்டும் கவனிக்கவும் என்று எழுதியிருந்தார். அதைப் படித்துக் கண்ணாடிக்கடைக்காரனுக்கு மூக்கு சிவந்தது. இரண்டாமவர் மூன்றே கேள்விகள் கேட்டிருந்தார். தங்கியவர்கள் இந்தக் கட்டுப்பாடுகளை மனமுவந்து ஏற்றுக்கொண்டார்களா? அவர்களிடம் கேட்டீர்களா? அவர்கள் மறுபடியும் வந்தார்களா?

கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை பேட்டியைப் பதிவு செய்யும் கருவியோடு பஸ் ஏறினாள்.

நல்லவேளை, ஒரு கணவன் மனைவி தங்கியிருந்தார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஆனால் மறுநாள் காலை அவள் தேடிப் போனபோது இருவரும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் இரண்டு நாளுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று அத்தை சொல்லியிருந்தார்.

கருவியை நடுவில் வைத்தாள். "தண்ணீரைச் சிக்கனமா பயன்படுத்தணும்ங்கிற எண்ணம் உங்களுக்கு எப்படி வந்தது?"

"எங்களுக்கு வரலைங்க" என்றான் கணவன். "அவங்க கதவுக்கு வெளியவே நின்னுட்டு இருந்தாங்க. ஒரு வாளி முடிஞ்சதும், ‘போதும், துவட்டிக்கோங்க’ன்னாங்க."

"ஒன்பது மணிக்கு விளக்கை அணைச்சீங்களே."

"நாங்க எங்க அணைச்சோம்? மெயின் சுவிட்ச் அவங்க ரூம்ல இருக்கு."

"ஏரிக்கரையில இரவு நேரத்துல நடமாட்டம் இல்லாததால பறவைகளுக்குத் தொந்தரவு இல்லைன்னு..."

"வாசல் கதவைப் பூட்டிட்டாங்கக்கா" என்றாள் அந்தப் பெண். அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "நான் அவர் தோள்ல சாஞ்சுட்டு உக்காந்திருந்தேன். கழுத்து வலிக்குதாம்மான்னு கேட்டு நடுவுல ஒரு தலகாணியை வெச்சுட்டுப் போனாங்க."

"மறுபடியும் வருவீங்களா?"

அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். "ஏன், வரணும்னு ஏதாவது எழுதி வாங்கியிருக்காங்களா?"

பஸ் வந்தது. அவ்வளவு வேகமாகப் பஸ் ஏறியவர்களை ரிட்டன் மேடம் பார்த்ததில்லை.

அத்தை கொல்லையில் துண்டுகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தை, இங்க தங்கினவங்க யாராவது திரும்ப வந்திருக்காங்களா?"

"வந்திருக்காங்களே. ஒருத்தர் போன் சார்ஜரை மறந்துட்டுப் போயிட்டார். வாங்க வந்தார்."

"உள்ள வந்து ஒருநாள் தங்கினாரா?"

"கேட்லயே நின்னு வாங்கிட்டுப் போயிட்டார். அவசரமாம்."

"ஏன் அத்தை ஒரே ஒரு வாளி? தண்ணியை மிச்சம் பிடிக்கத்தானே?"

"ஏரியே எதிர்ல கிடக்கு, தண்ணியை நான் ஏன் மிச்சம் பிடிக்கணும்? குளிக்கப் போனவங்க நேரம் ஆக ஆகத்தான் வழுக்கி விழுவாங்க. ஒரு வாளின்னா சீக்கிரம் வெளிய வந்துடுவாங்க." துண்டை இன்னொரு உதறு உதறினார். "நீ எழுதறது புத்தகத்துல வந்தா ஆளுங்க வருவாங்களா? மூணு ரூமையும் பெருக்கிப் பெருக்கி எனக்கே அலுத்துப்போச்சு."

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு எல்லாம் புரிந்தது. நுகர்வுக் கட்டுப்பாடும் கிடையாது, முன்மாதிரியும் கிடையாது. நோயாளிகளுக்கு வைத்த சட்டத்தை உல்லாசமாக இருக்க வந்தவர்களுக்கு வைத்து அத்தை துரத்திக்கொண்டிருக்கிறார். அவள் போய் அந்த ஓட்டத்தை அளந்து கொள்கை என்று எழுதியிருக்கிறாள்.

துறைத் தலைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். எதையும் எப்படியாவது சொல்லிவிடலாம் என்பதில் அவருக்கு அனுபவம் அதிகம்.

"இதுக்கா மேடம் இவ்வளவு யோசனை? ‘தொடக்க நிலைத் தயக்கம் காணப்பட்டது’ன்னு ஒரு வரி போடுங்க. முடிஞ்சது."

"பயந்து ஓடிட்டாங்க சார்."

"அதான். தயக்கம்."

ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்து யோசித்து அவள் உண்மையை எழுதுவது என்று முடிவு செய்தாள். அதைப் பெரிய தியாகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பொய் எழுதினால் இரண்டாமவர் நான்காவதாக ஒரு கேள்வி கேட்பார். அதற்கு இன்னொரு பொய் தேட வேண்டும். அவளுக்கு அவ்வளவு கற்பனை போதாது. தண்ணீர் மிச்சமாவது தங்கியவர்கள் விரும்பி அல்ல, அத்தை குளியலறை வாசலில் நிற்பதால். இருட்டியபின் பறவைகள் நிம்மதியாக இருப்பது கதவு பூட்டியிருப்பதால். ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வருவதில்லை. எல்லாவற்றையும் அப்படியே எழுதி, தலைப்பையும் மாற்றி, நிரந்தர வேலைக்கு மனதளவில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அனுப்பினாள்.

இரண்டாமவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தத் துறையில் எல்லாரும் வெற்றிக் கதைகளையே எழுதிக்கொண்டிருக்கும்போது, தோல்வியை இவ்வளவு நுணுக்கமாக எழுதிய கட்டுரையைத் தான் பார்த்ததே இல்லை என்றார். ஓர் இடத்தைச் சுற்றுலாவிடமிருந்து காப்பாற்ற, அங்கே யாரும் தங்க விரும்பாதபடி செய்வதுதான் மிக உறுதியான வழி என்பதை இந்த ஆய்வு நிறுவுகிறது என்றும் எழுதினார். அவள் அதை எங்கேயும் நிறுவவில்லை. ஆனாலும் மறுத்துப் பேசப் போகவில்லை. முதலாமவர் இந்த முறையும் காற்புள்ளியைப் பற்றித்தான் எழுதினார். இதழின் ஆசிரியர் குழு கட்டுரையை ஏற்றுக்கொண்டது. ஒன்றே ஒன்று பாக்கி. ஒருவரைப் பற்றி இப்படிக் குறையாக எழுதும்போது, அவர் படித்துப் பார்த்துச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அது வந்ததும் வெளியிடுவார்கள்.

தேர்வுக் குழு கூடுவதற்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அத்தை, அவள் கணவன் கடையிலிருந்து வந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டுரையை விரல் வைத்துப் படித்தார். ரிட்டன் மேடம் பேனாவைத் திறந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"‘மிகைக் கண்காணிப்பு’ன்னா என்ன?"

"பக்கத்துலயே நின்னு பாத்துக்கறது அத்தை."

"அதுல என்ன மிகை?" அடுத்த பக்கம் போனார். "‘தனியுரிமை இழப்பு’?"

"அந்தத் தலகாணி விஷயம்."

"அந்தப் பொண்ணுக்குக் கழுத்து கோணிக்கிட்டு இருந்துச்சு. மறுநாள் பிடிச்சுக்கிட்டிருந்தா யார் உருவி விடறது?" படித்துக்கொண்டே போனார். கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"யாரும் திரும்ப வரதில்லைன்னு எழுதியிருக்கே."

"ஆமா அத்தை."

"சரி. உண்மைதான். வரலை." தாள்களை மேசைமேல் தட்டிச் சீராக அடுக்கினார். "இங்க வந்து ஒருத்தர்கூட வழுக்கி விழுந்ததில்லை. அது எங்க எழுதியிருக்கே?"

ரிட்டன் மேடம் தாள்களைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நான் பலகை மாட்டின நாள்லேர்ந்து ஒருத்தர் விழலை, ஒருத்தருக்கு வயித்தால போகலை, ஒருத்தருக்கு வெந்நீர் சுட்டதில்லை. ஓடினாங்கன்னு எழுதறியே, கை கால் நல்லா இருந்ததாலதானே ஓடினாங்க? அதையும் எழுது. கையெழுத்துப் போடறேன்."

"அத்தை, அதுக்கு ஆதாரம் காட்டணும். அளந்திருக்கணும். முடிஞ்சுபோன கட்டுரையில புதுசா ஒண்ணு சேத்தா மறுபடியும் முதல்லேர்ந்து மதிப்பீட்டுக்கு அனுப்புவாங்க. மாசக்கணக்குல ஆகும். என் வேலை போயிடும்."

"என் வேலையைப் பத்தித்தானே அதுல எழுதியிருக்கே" என்றார் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை. படுக்கையில் இருப்பவரிடம் மாத்திரை விழுங்கச் சொல்வதுபோலச் சொன்னார். பேனாவை மூடி அவளிடமே கொடுத்துவிட்டு, இடுப்பைப் பார்த்து அளந்து சாப்பாடு போட்டார்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். ஆய்விதழுக்கு எழுதிக் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. முடிவுகளில் ஒரு வரி சேர்த்தாலும் மறுமதிப்பீடு என்று பதில் வந்துவிட்டது. அத்தையின் கையெழுத்தைத் தானே போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அத்தை கையெழுத்து உருண்டையாக, முட்டை வரிசைமாதிரி இருக்கும், போட வராது.

கணவன் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை எடுத்து விளக்கடியில் பிடித்தான். "இத்தனை தடவை திருத்தி வந்திருக்கு. இந்த இடத்துல மட்டும் ஒரு கோடுகூட இல்லை, பாத்தியா?"

"எந்த இடம்?"

"நன்றின்னு போட்டு, தலைவருக்கு, நூலகருக்குன்னு எழுதியிருக்கியே. போன கட்டுரையில நூலகர்னு ரெண்டு தடவை போட்டிருந்தே. அதைக்கூட யாரும் கேக்கலை. அங்க எதை எழுதினாலும் படிக்கமாட்டாங்க போலிருக்கு."

அவள் தலையைத் தூக்கினாள். நன்றியுரை முடிவுகளில் சேராது. அதற்கு ஆதாரம் கேட்பதில்லை, அது மதிப்பீட்டுக்கும் போவதில்லை. இத்தனை வருடம் கட்டுரை எழுதியும் அங்கே ஒரு கதவு திறந்தே கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து எழுதினாள்: "தமது விடுதியில் இதுநாள்வரை ஒருவர்கூட வழுக்கி விழவில்லை என்பதைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்ட விடுதி உரிமையாளருக்கு நன்றி." கணவன் பார்த்து ஒரு காற்புள்ளியை எடுத்தான்.

அத்தை அந்த ஒரு வரியைத்தான் மூன்று முறை படித்தார். வெந்நீரையும் சேர்த்திருக்கலாம் என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். கட்டுரை வெளிவந்தது. தேர்வுக் குழுவில் யாரும் அதைப் பிரிக்கவில்லை. இதழின் அட்டையையும் அவள் பெயரையும் பார்த்துவிட்டு, பக்க எண் சரியாக இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது என்றாள். வேலை நிரந்தரமானது.

மறுநாள் துறைத் தலைவர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அவள் கட்டுரை கடைசிப் பக்கத்தில் திறந்திருந்தது. அந்தத் துறையில் யாரும் கட்டுரையை முன்னாலிருந்து படிப்பதில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நன்றியுரையில் தங்கள் பெயர் இருக்கிறதா, எந்த வரிசையில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

"என் பேருக்கு அடுத்த வரியில ஒரு விடுதி இருக்கே மேடம்" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒருத்தர்கூட விழலைங்கிறது நிஜமா?"

"நிஜம் சார்."

"என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்திருக்காங்க. ரெண்டு தடவை பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க. என் வீட்டுக்காரி என்னைத்தான் திட்டறா. ஒரு மாசம் அங்க வெச்சுப் பாத்துக்குவாங்களா? கட்டுப்பாடெல்லாம் அதிகமா இருக்குமோ?"

"கட்டுரையில எழுதியிருக்கேனே சார்."

"அதை எங்க படிச்சேன்" என்றார் தலைவர்.

மாமியார் போனார். ஒரு மாதத்துக்கு என்று போனவர் இன்னொரு மாதம் இருந்தார். அவர் தோழி ஒருத்தி முட்டி வலியோடு வந்தார், தோழியின் அண்ணன் கண் ஆபரேஷன் முடித்துக்கொண்டு வந்தார். மூன்று அறையும் நிரம்பிவிட்டது. வெளியே விடுதி என்ற பலகை அப்படியேதான் இருக்கிறது. வருகிறவர்கள் ஒரு வாளி வெந்நீரை வாழ்த்திக்கொண்டு குளிக்கிறார்கள். இதை வைத்து இன்னொரு கட்டுரை எழுதி ரிட்டன் மேடம் அதே இதழுக்கு அனுப்பினாள். நோயாளிகள் சுற்றுலாப் பயணிகள் ஆகமாட்டார்கள், இது எங்கள் எல்லைக்குள் வராது என்று அது திரும்பி வந்தது. துறையில் பழைய பெயர் நிலைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"உங்க தலைவர் மாமியாரைப் பாக்க வந்திருந்தார். ராத்திரி தங்கினார்."

"எப்படி அத்தை, வசதியா இருந்ததாமா?"

"ஒன்பது மணிக்கு மேல ஏதோ புத்தகம் படிச்சுட்டு இருந்தார். லைட்டை அணைச்சுட்டேன்."

"ஐயோ அத்தை. ஏதாவது சொன்னாரா?"

"காலையில பாக்கறேன், ஆளைக் காணோம். முதல் பஸ்ஸுக்கே போயிட்டார் போலிருக்கு. சார்ஜரை விட்டுட்டுப் போயிருக்கார். வந்து வாங்கிக்கச் சொல்லு."